குறி தவறுவது ஏன்?

கல்முனையிலிருந்து மேற்கே சம்மாந்துறையைக் கடந்து செல்வோர், கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிந்து கிடக்கும் நெல்வட்டைகளைக் காண்பர். கதிர் முற்றும் காலத்தில் அவ்வட்டைகளின் ஓரங்களிலே பரண் கட்டி, இரவு முழுவதும் விழித்திருந்து காவல் புரிவது அப்பகுதி வேளாண் மக்களின் நெடுங்கால வழக்கம். பன்றி வரும், யானையும் வரும். ஆறு மாத உழைப்பு ஒரே இரவில் அழிந்துவிடக் கூடும். ஆதலின் பழைய நாளிலே பரணிலிருந்தவருட் சிலர் பக்கத்தில் ஒரு துவக்கையும் சார்த்தி வைத்திருப்பர். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தும்பு வைத்துக் கோலால் இடித்து, அதன்மேல் ஈயச் சன்னங்களை இட்டு மறுபடியும் இடித்து நிரப்பப்படும் அத்துவக்கை இடியன் துவக்கு என்று மக்கள் வழங்கினர்.

அத்தகைய வெடிக்காரர் ஒருவரைக் கேட்டால், விளங்காத புதிர் ஒன்றை அவர் எடுத்துச் சொல்லுவார். அதே துவக்கு, அதே கை, அதே அளவு மருந்து. நேற்று வைத்த வெடி குறியிற் பட்டது. இன்று வைத்த வெடி குறிக்குக் கீழே மண்ணிற் புதைந்தது. கை நடுங்கிற்று என்பார் ஒருவர். கண்பட்டது என்பார் மற்றொருவர். உண்மையான காரணம் பெரும்பாலும் கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. குழலைவிட்டுப் புறப்பட்டபோது குண்டுக்கு இருந்த வேகம் நேற்று ஒன்றாகவும் இன்று வேறொன்றாகவும் இருந்தமையே காரணம். இவ்வேகத்தை வெடிக்கு வெடி மாறாமற் காப்பது எவ்வாறு என்பதை ஆராய்ந்தறிய மனிதனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் பிடித்தது.

முதலிலே, வேகத்துக்கும் குறிக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். குழலைவிட்டு வெளிவந்த குண்டு நேர்கோட்டில் செல்வதாகப் பலர் எண்ணுவர். அது தவறு. மரத்திலிருந்து உதிரும் தேங்காயைப் பூமி எவ்வாறு இழுக்கின்றதோ, அவ்வாறே பறந்து செல்லும் குண்டையும் இழுக்கின்றது. ஒரு செக்கன் நேரத்தில் எப்பொருளும் ஏறத்தாழ 4.9 மீற்றர் கீழே விழும். 600 மீற்றர் தூரத்திலுள்ள குறியைச் சராசரியாகச் செக்கனுக்கு 600 மீற்றர் வேகத்திற் செல்லும் குண்டு ஒரு செக்கனில் அடையும். அதற்குள் அது 4.9 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்துவிடும். இத்தாழ்வை முன்கூட்டியே கணக்கிட்டு, குழலைச் சற்று உயர்த்திப் பிடிக்கும்படியாகவே றைபிளின் குறிமானி அமைக்கப்பட்டிருக்கின்றது.

இப்பொழுது அடுத்த தோட்டாவின் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். குண்டு குறியை அடையச் சிறிது கூடுதலான நேரம் எடுக்கும். அந்நேரத்தில் அது 5.1 மீற்றர் விழும். வேறுபாடு 20 சென்றிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண். சுட்டவர் யாதொரு பிழையும் செய்யவில்லை, குறியும் அசையவில்லை. எனினும் குண்டு ஒரு சாண் தாழ்ந்து சென்றுவிட்டது. குண்டு எவ்வளவு வேகமாகச் செல்கின்றது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே வேகத்திற் செல்கின்றதா என்பதே முதன்மையான கேள்வியாகும்.

கண்ணாற் காண முடியாத குண்டின் வேகத்தை அளப்பது எவ்வாறு? இதற்கு முதன்முதலில் நல்ல வழி கண்டவர் பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். 1707ஆம் ஆண்டு பாத் நகரிற் பிறந்த இவர், பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் பற்றிய தமது நூலை 1742இல் வெளியிட்டார். அதிலே அவர் விளக்கிய கருவி மிக எளிமையானது. கனத்த மரக்கட்டையொன்று ஊஞ்சல்போலத் தொங்கவிடப்பட்டிருக்கும். அதனை நோக்கிச் சுட்டால் குண்டு கட்டையிற் புதையும். கட்டை பின்னோக்கி ஆடும். ஆடிய தூரத்தை, கட்டையோடு இணைத்த ஒரு நாடா இழுபட்டுக் காட்டும். 30 கிராம் நிறையுள்ள குண்டு செக்கனுக்கு 500 மீற்றர் வேகத்தில் வந்து 15 கிலோகிராம் கட்டையிற் புதைந்தால், கட்டை செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் வேகத்தில் அசையத் தொடங்கி, 5 சென்றிமீற்றர் உயரம் எழும். அவ்வுயரத்தை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் குண்டின் வேகம் கிடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரைவைச் சாதாரண ஊஞ்சலின் ஆட்டமாக மாற்றிவிட்ட இவ்வுத்தி, அறிவியல் வரலாற்றின் அழகிய சிந்தனைகளுள் ஒன்று.

இக்கருவியைக் கொண்டு, வேகமாகச் செல்லும் குண்டுக்குக் காற்றுக் கொடுக்கும் தடை முன்னையோர் கருதியதைவிட மிகப் பெரிது என்பதை றொபின்ஸ் நிறுவினார். 1745இல் பேரறிஞர் ஒய்லர் அவருடைய நூலைச் செருமன் மொழியிற் பெயர்த்துத் தம் விளக்கங்களையும் சேர்த்தார். குழலின் உட்புறத்திற் சுருள் வரிகள் வெட்டப்பட்ட துப்பாக்கியின் சிறப்பையும் றொபின்ஸ் 1747இல் எடுத்துரைத்தார். அவ்வரிகளாற் குண்டு பம்பரம்போலச் சுழன்று நிலைபெயராது செல்கின்றது. அவ்வகைத் துப்பாக்கியே றைபிள் எனப்படுவது.

இவ்வறிஞருடைய இறுதி நாட்கள் தமிழ் மண்ணிற் கழிந்தன என்பது நம்மவருட் பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கம்பனியாரின் தலைமைப் பொறியியலாளராகக் கோட்டைகளைச் செப்பனிட வந்த அவர், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலுள்ள செயின்ற் டேவிட் கோட்டையில் 1751 யூலை 29ஆம் திகதி காய்ச்சலால் உயிர் நீத்தார். கல்முனைக் கரையை மோதும் வங்கக் கடலின் அலைகளே அக்கோட்டையின் அடியிலும் மோதுகின்றன.

றொபின்ஸ் காலத்து மருந்து கருமருந்து ஆகும். வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றும் சேர்ந்த அக்கருமருந்திற் சீரான வேகத்தை எதிர்பார்ப்பது கடினம். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அது காற்றின் ஈரத்தால் எளிதில் கெடும். கடற்கரைக் காற்றிலே, அதிலும் மாரி காலத்திலே, சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, எரிந்த மருந்திற் பாதிக்கு மேற்பட்ட பங்கு புகையாகவும் கசடாகவும் எஞ்சும். கசடு குழலின் சுவரிற் படிய, இரண்டாம் வெடியின் குண்டு முதல் வெடியின் குண்டு சென்ற அதே குழலிற் செல்வதில்லை. மூன்றாவது, மருந்து மணியின் பருமையும் அதை இடித்த இறுக்கமும் மாறினால் எரியும் விரைவும் மாறிவிடும். இடியன் துவக்கில் ஒருநாள் இறுக்கி இடித்ததும் மறுநாள் தளர இடித்ததும் ஒன்றாகுமா? வெடிக்காரரின் புதிருக்கு விடை இங்கேதான் இருக்கின்றது.

இலங்கைக் காடுகளிலே இச்சிக்கலோடு போராடியவருள் ஒருவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் தலைப்பகுதிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற இவர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்தார். ஊவாவுக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட புல்வெளிக் காடுகளிலும் அவர் வேட்டையாடினார். தமக்கென அவர் திட்டமிட்டுச் செய்வித்த றைபிள் ஒன்று 21 இறாத்தல் நிறையுடையது. அதற்கு ஒரு வெடிக்கு இடும் மருந்து 16 திராம், அதாவது ஒரு முழு அவுன்சு. தோட்டா கடையில் விலைக்குக் கிடைக்காத அக்காலத்தில், மருந்தை அளந்து இடுவதும், குண்டை வார்ப்பதும், குழலுக்குப் பொருத்துவதும் வேட்டைக்காரரின் சொந்தப் பொறுப்பாக இருந்தன. எந்தத் துவக்குக்கு எவ்வளவு மருந்து உகந்தது என்பதைச் சுட்டுச் சுட்டே அறிய வேண்டியிருந்தது. அந்த நாட்களிலே அழிந்த யானைகளின் தொகையை எண்ணும்போது, அக்காலத்து வேட்டைக் கதைகளை இன்று மகிழ்ச்சியோடு படிக்க முடிவதில்லை.

அதே கீழைக்கரையிலே வேறொரு மரபும் இருந்ததை இங்கே குறிப்பிடல் வேண்டும். ஏறாவூர் முதலிய முஸ்லிம் ஊர்களின் பணிக்கர்கள், துவக்கின்றியே காட்டுக்குட் புகுந்து, மான்தோற் கயிற்றை யானையின் காலிற் கோத்து, மரத்திற் பிணித்துவிடுவர். 1859இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் ரெனன்ற் இவர்களது துணிவை வியந்து எழுதியிருக்கின்றார். காற்றின் திசை, யானையின் நடை, கயிற்றின் நீளம் ஆகிய ஒவ்வொன்றையும் பிசகாது கணித்தவரே அத்தொழிலிற் பிழைத்தார். அவருக்கும் அளவே உயிர்க்காவலாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா மருந்து வந்தது. 1889இல் ஆபல், டூவர் என்னும் இருவர் இங்கிலாந்தில் உருவாக்கிய கோடைற்று, கயிறுபோன்ற இழைகளாக அமைந்தது. தமிழ்நாட்டில் நீலகிரியிலே குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட தொழிற்சாலை, இம்மருந்தின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகின்றது. கசடு நீங்கிற்று, புகை குறைந்தது, வேகம் பெருகிற்று. ஆனால் புதியதொரு தொல்லை தோன்றிற்று. அதுவே வெப்பம்.

மருந்து சூடேறியிருந்தால் விரைவாக எரியும், விரைவாக எரிந்தால் கோதினுள் அழுத்தம் மிகும், வேகமும் மிகும். இங்கிலாந்தின் குளிரிற் சோதித்துச் சரிகண்ட தோட்டா, இந்தியாவின் கோடையிலும் ஆபிரிக்காவின் வெயிலிலும் அளவுக்கு மீறிய அழுத்தத்தைத் தந்தது. சுட்டபின் கோது விரிந்து அறையோடு இறுகிக் கொண்டு வெளிவர மறுத்தது. பாயும் விலங்குக்கு முன்னே வெற்றுக்கோது சிக்கிய துப்பாக்கியோடு நிற்பவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலினாலே வெப்பநாடுகளுக்கென மருந்தைக் குறைத்த தனித்தோட்டாக்களை ஆங்கில உற்பத்தியாளர் செய்யத் தொடங்கினர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி தோட்டாவுக்கும் பொருந்துவதாயிற்று. இன்றைய மருந்துகள் வெப்பத்துக்குப் பெரிதும் அசையாதபடி செய்யப்படுகின்றன. எனினும், வெயிலிற் கிடந்த தோட்டாவும் நிழலிற் கிடந்த தோட்டாவும் ஒன்றல்ல என்னும் விதி இன்றும் முற்றாக மாறிவிடவில்லை.

சட்டம் இடந்தரும் மேலைநாடுகள் பலவற்றில், குறிபார்த்துச் சுடும் போட்டியாளர் தம் தோட்டாவைத் தாமே கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பணத்தை மிச்சப்படுத்துவது மட்டும் அவர் நோக்கமன்று. மாறாத வேகமே அவர் நாடுவது. தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது: பித்தளைக் கோது, அதன் அடியிலுள்ள கெப், உள்ளே மருந்து, வாயிலே குண்டு. இந்நான்கிலும் ஒருமை வேண்டும். கோதுகளின் உட்கொள்ளளவு ஒன்றுக்கொன்று மாறினால், ஒரே அளவு மருந்து வெவ்வேறு அழுத்தத்தைத் தரும். கோதின் கழுத்துக் குண்டைப் பிடிக்கும் பிடி ஒன்றில் இறுக்கமாகவும் ஒன்றிற் தளர்வாகவும் இருந்தால், குண்டு விடுபடும் கணம் மாறும். கெப்பின் தீ வலிதாயும் மெலிதாயும் இருந்தால் மருந்து பற்றும் விதம் மாறும்.

மருதமுனையின் கைத்தறியைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். நெசவாளர் பாவு நூல்களை ஒரே இழுப்பில் வைத்திருப்பார். ஓர் இழை தளர்ந்தால் அவ்விடத்தில் துணி சுருங்கும். ஓர் இழை மிக இறுகினால் அறும். நூலின் தரம் உயர்ந்ததாயிருந்தும் பயனில்லை. இழைக்கு இழை இழுப்பு ஒத்திருத்தல் வேண்டும். தோட்டா கட்டுவோர் தேடுவதும் அவ்வொப்பையேயாகும்.

மருந்தின் நிறையை அளக்கும் அலகு கிறெயின் எனப்படும். அது ஏறத்தாழ 65 மில்லிகிராம். பொற்கொல்லரின் குன்றிமணியிற் பாதி. இரு உலகப் போர்களிலும் பயன்பட்ட 303 றைபிளின் ஏழாம் வகைத் தோட்டாவில் மருந்து ஏறத்தாழ 37 கிறெயின். குண்டு 174 கிறெயின். குழல்வாய் வேகம் செக்கனுக்கு 2,440 அடி. மருந்திலே அரைக் கிறெயின், அதாவது குன்றிமணியிற் காற்பங்கு, கூடிக்குறைந்தால் வேகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாடு நேரலாம். மேலே சொன்ன கணக்கின்படி 600 மீற்றர் தூரத்தில் அது 10 சென்றிமீற்றர் பிழை. அழுத்தமோ வேகத்தைக் காட்டிலும் விரைந்து ஏறும். வேகத்திற் சிறிது பெறுவதற்காக மருந்தைக் கூட்டுபவர், தம்மையறியாமலே ஆபத்தைப் பன்மடங்கு கூட்டுகின்றார். பொற்கொல்லரின் தராசுக்குரிய கவனம் இத்தொழிலுக்கும் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

இனி, செய்த தோட்டா சீரானதா என்பதைச் சோதிப்பது எப்படி? பள்ளிப் பிள்ளைகளும் போடத்தக்க ஒரு கணக்கு இதற்கு உதவும். இரு தொகுதித் தோட்டாக்களிலிருந்து ஐந்தைந்து வெடிகள் வைத்து வேகம் அளந்ததாகக் கொள்வோம். முதற்றொகுதி செக்கனுக்கு 798, 801, 800, 802, 799 மீற்றர் காட்டுகின்றது. இரண்டாந்தொகுதி 780, 815, 800, 790, 815 காட்டுகின்றது. இரண்டினதும் சராசரி 800தான். சராசரியை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒன்றென்பார். ஆனால் ஒவ்வொரு வெடியும் சராசரியிலிருந்து விலகிய தொகையைக் கூட்டி ஐந்தால் வகுத்தால், முதற்றொகுதிக்கு 1.2 மீற்றரும் இரண்டாவதற்கு 12 மீற்றரும் வரும். விலகல் பத்து மடங்கு! சராசரி உண்மையிற் பாதியையே சொல்லும்; மறுபாதியைச் சிதறலே சொல்லும். வகுப்பின் சராசரிப் புள்ளியைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, பின்தங்கிய பிள்ளையை மறந்துவிடும் ஆசிரியர் செய்யும் பிழையும் இதுவே.

வேகத்தை அளக்க இன்று ஊஞ்சற்கட்டை தேவையில்லை. 1860களில் லெ பூலாஞ்சே என்னும் பெல்சிய அதிகாரி, மின்சாரத்தாற் பிடிக்கப்பட்டிருக்கும் கோல்கள் விழும் நேரத்தைக் கொண்டு வேகம் காணும் கருவியை அமைத்தார். இப்பொழுது இரு ஒளித்திரைகளுக்கிடையே குண்டு செல்லும் நேரத்தை மின்னணுக் கடிகாரம் சொல்லிவிடும். ராடார் அலைகொண்டு அளக்கும் கருவிகளும் உண்டு. கருவி வளர்ந்தும் மனிதரின் அவசரம் மாறவில்லை. மூன்று வெடிகள் ஒன்றாகப் பட்டதும், செம்மை கைவந்தது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். மூன்று நாள் மழையைக் கண்டு ஆண்டு முழுவதற்கும் மழைக்கணக்கு எழுதலாமோ? பல முறை, பல நாள், வெயிலிலும் குளிரிலும் சோதித்தபின்னரே துணிதல் தகும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்பதை அறிய வழியில்லாமற் போகும்.

வேகம் ஒத்திருந்தாலும் குழலின் துடிப்பு ஒன்று எஞ்சி நிற்கின்றது. மருந்து எரிந்த கணத்திலே குழல், மீட்டிய தந்திபோல அதிர்கின்றது. குழல்வாய் மேலெழும்போது குண்டு வெளிவருமா, தாழும்போது வெளிவருமா என்பது குறியை மாற்றும். லீ என்பீல்ட் றைபிளில் இதனால் வியத்தகு விளைவொன்று காணப்பட்டது. வேகங்குறைந்த குண்டு சற்றுத் தாமதித்து வெளிவரும். அதற்குள் குழல்வாய் சிறிது உயர்ந்திருக்கும். ஆகவே நெடுந்தூரத்தில் அக்குண்டின் தாழ்வை அவ்வுயர்வு ஓரளவு ஈடுசெய்தது. எந்த மருந்தளவில் இத்துடிப்புக் குறியைக் கெடுக்காதிருக்கும் என்று சிறிது சிறிதாக மாற்றித் தேடுவதையே, தோட்டாவைச் சுருதி சேர்த்தல் எனலாம்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், நேயர் ஒருவர் வீட்டிலே இதனைச் செய்து பார்க்க எண்ணுவாராயின், அவ்வெண்ணத்தை அங்கேயே விட்டுவிடுதல் நன்று. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் துவக்கையும் மருந்தையும் உரிமத்துக்குக் கட்டுப்படுத்துகின்றன. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானைக்குப் பாதுகாப்பளிக்கின்றது. துவக்கினால் நெடுங்காலம் துயருற்ற கீழ்மாகாணத்தில் இக்கட்டுப்பாடுகளின் தேவையை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் இவ்வறிவு வீணன்று. அண்மைய ஆண்டுகளில் இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகளும், நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் ஒருவரால் ஒருவர் மாண்டு வருகின்றனர். மாண்ட யானைகள் பலவற்றின் உடலில், பல காலங்களில் பாய்ந்த சன்னங்கள் இருப்பதை மிருக வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர். பேக்கரின் அவுன்சு மருந்தும் 21 இறாத்தல் றைபிளும் எங்கே? கைப்பிடி மருந்தும் இரும்புத் துண்டும் இட்ட இடியன் துவக்கு எங்கே? அது யானையை உடனே கொல்வதும் அரிது, துரத்துவதும் அரிது. பெரும்பாலும் புண்ணையே உண்டாக்கும். புண் சீழ்ப்பிடிக்கும். காலில் நோவோடு காட்டுக்குத் திரும்ப மாட்டாத யானை, மனித வாடையைக் கண்ட மாத்திரத்தே சீறும். அடுத்த இரவு வரம்பிலே விளக்கோடு நடந்து செல்லும் வேறொரு விவசாயி, தாம் வைக்காத வெடிக்காக உயிரைக் கொடுக்கின்றார்.

அளவறியாது வைத்த வெடி குறி தவறியது என்று சொல்வது பிழை. அது எங்கோ, யார்மேலோ பட்டே தீர்கின்றது. குறி தவறுவது ஏன் என்று கேட்ட வெடிக்காரருக்குக் குன்றிமணியிற் காற்பங்கும் கணக்கில் உண்டு என்று அறிவியல் விடை கூறுகின்றது. அவ்வளவு நுட்பமாக அளக்க இயலாத கையில், அவ்வளவு பெரிய ஆற்றலை ஒப்படைத்தல் தகுமா என்னும் கேள்வியை அவ்விடையே எழுப்புகின்றது. பரணிலே விழித்திருக்கும் காவலாளர்க்கு விளக்கும், ஒலியும், மின்வேலியும், கூட்டுக்காவலும் துணையாகட்டும். பயிரும் பிழைக்க வேண்டும். காவலாளரும் விடியலில் வீடு திரும்ப வேண்டும்.